மகாநாட்டுக்கு ஒரு பெயர் அட்டை

மகாநாடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் அங்கத்தினர் சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையைச் சற்றுக் கவனிப்போம். பல இடங்களில் பதவி பெரிய எழுத்திலும் பெயர் சிறிய எழுத்திலும் இருக்கின்றன. நிர்வாகிகளுக்கு ஒரு நிறம், ஏனையோர்க்கு வேறு நிறம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் சேர்ந்து 1844இல் தொடங்கிய சங்கம் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறியை நிலைநாட்டியது. நம் அட்டையோ வாயிற்படியிலேயே அதை மறக்கச் செய்கிறது. சாதாரண அங்கத்தினர் வாய் திறவாமல் உணவருந்தி ஊர் திரும்புகிறார்.

பெயர் 6 அடித் தொலைவில் படிக்குமளவு பெரிதாகவும், அதன்கீழ் ஊரும் இருக்கட்டும், பதவி வேண்டா. கயிற்றில் தொங்கும் அட்டை திரும்பிக்கொள்ளும். ஆதலால் இருபுறமும் எழுதுக. கயிறு குட்டையாக இருந்து அட்டை மார்பளவில் நிற்கவேண்டும். பிறர் வயிற்றை நோக்கிப் பெயர் படிப்பது யாருக்கும் கூச்சமே.

முக்கியமானது கடைசி வரி. “கேட்க வந்தது” என்று அச்சிட்டு இடம் விடுக. “துவைத்தால் சிவப்புச் சாயம் கசிகிறது” என்று ஒரு நெசவாளர் எழுதினால், சாயமிட்ட நூலைச் சோப்புக் கரைத்த கொதிநீரில் அலசி, ஒட்டாத சாயத்தை நீக்கும் பக்குவம் அறிந்தவர் தாமே அருகில் வருவார். எழுதப் பழகாதவர் தாம் நெய்த துணியில் ஒரு துண்டையோ, விளைவித்த பருத்தியில் ஒரு சுளையையோ குத்திக்கொள்ளட்டும். எழுத்தைவிட அது நன்றாகவே பேசும்! கடன் தவணை போன்ற சொந்தச் சங்கடங்களை எழுதுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. வரியை வெறுமையாக விடவும் உரிமை உண்டு.

அட்டையுடன் எழுதுகோலும் வாயிலில் இருக்கட்டும். தலைவர் தம் வரியை எல்லோர் முன்னும் முதலில் நிரப்புவாராக.