பழந்தறியை அறிதலும் புதுக்குதலும்

சிங்கப்பெருமாள் கோவிலினின்று ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின் மருங்கில் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. அதற்கு மேற்கே, பட்டு நெசவிற் பெயர்பெற்ற காஞ்சீபுரம் உளது. நெசவாளர் குடும்பத்து இளைஞர் பலர் ஆலைவேலையை நாடுதலால், வீட்டுத் தறிகள் சில பிரிக்கப்பட்டுக் கைமாறுகின்றன. அத்தகைய தறியொன்றை வாங்குவோர் அதனை மீண்டும் இயங்கச் செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் வேண்டுவது தறியின் இனத்தை அறிதலேயாகும். குழித்தறியில் மிதிகள் குழியினுள் தொங்கும்; நெய்பவர் தரைமட்டத்தில் அமர்வர். அதன் கால்கள் மண்ணிற் புதைந்திருந்தமையால் அடிப்பாகம் கறுத்திருக்கும். சட்டத்தறியோ நான்கு கால்களின்மேல் தானே நிற்கும்; அதற்கு இருக்கைப் பலகையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாசல் மிஷனார் மங்களூர், கண்ணனூர் முதலிய இடங்களில் நெசவுசாலைகளை நிறுவி, ஐரோப்பிய முறைத் தறிகளைப் பரவச் செய்தனர்.

அடுத்து, அச்சைத் தாங்கும் சட்டத்தை நோக்குக. அதன் இருமுனையிலும் நாடாப் பெட்டிகள் இருப்பின் அது விசைநாடாத் தறி; இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற அமைப்பு இதுவே. பெட்டிகள் இல்லையெனின், அவை தொலைந்தன என்று முடிவு செய்யலாகாது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் காஞ்சீபுரக் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்களைக் கையாலேயே செலுத்துவர். துணையாள் ஒருவரும் உடனிருப்பர். அத்தறிக்குப் பெட்டி பூட்டுவோர் குறையைத் தீர்த்தவராகார்; அதன் தொழிலையே கெடுத்தவராவர்.

இனி, புதுக்கும் முறையைக் கூறுவோம். மரத்தில் ஊசித்துளைகள் காணின் தட்டிப் பார்க்க வேண்டும். புதிய தூள் உதிருமாயின் வண்டு உள்ளே உயிருடன் உளது என்க. உளுத்த உறுப்பை மாற்றியபின், சட்டத்தின் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளக்க வேண்டும். இரு குறுக்களவும் ஒத்திருந்தால் சட்டம் சதுரமாக உளது. ஒவ்வாவிடின் பொருத்துவாய்களை ஆப்பு வைத்து இறுக்குக. பாவு உருளையும் படமரமும் ஒன்றற்கொன்று இணையாக இராவிடின், பாவின் ஒரு பக்கம் தளர்ந்து துணி கோணும்.

அச்சில் மெல்லிய துரு இருப்பின் தேய்த்து நீக்கலாம்; பற்கள் அரிக்கப்பட்டிருப்பின் இழையை அறுக்குமாதலால் அச்சையே மாற்றுக. பழைய அச்சு தறியின் வரலாற்றையும் உரைக்கும். அங்குலத்திற்கு 40 பற்கள் இருந்து, பல்லுக்கு இரண்டிழை கோத்தால், அங்குலத்திற்கு 80 இழையுள்ள துணி அதில் நெய்யப்பட்டதென அறியலாம். இற்றுப்போன விழுதுகளை ஒருசேர மாற்றுதலே நன்று. யாவும் பூட்டியபின், பட்டை ஏற்றாது, சில கெஜம் பருத்திப் பாவை ஏற்றிச் சோதிக்க வேண்டும்.

மரவேலை அறிந்தார் தறியைச் செப்பனிடக்கூடும். எந்த உறுப்பு எதன்பொருட்டு அமைந்தது என்பதை அதில் நெய்து முதிர்ந்தவரே உரைக்கவல்லர். அவர்கள் உள்ளபோதே மாணவராகிய நாம் அவர்பாற் சென்று கேட்டறிதல் கடனாகும். மரம் பழுதுற்றால் வேறு மரம் கிடைக்கும். அவ்வறிவு மறைந்தால் அதனை ஈடுசெய்வது அரிது.