நடுத்தரக் குடும்பம் என்பது யாது?

"நாங்கள் நடுத்தரக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? துறைமுகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவரின் மகளும் அப்படித்தான் சொல்கிறாள். இரண்டு லாரி வைத்திருப்பவரின் மகளும் அப்படித்தான் சொல்கிறாள். ஆட்டோ ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவரின் மகளும் அதே சொல்லைத்தான் கையாள்கிறாள். பணக்காரர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம்; ஏழை என்று சொல்லிக்கொள்ள வெட்கம். ஆகவே எல்லாரும் நடுவில் வந்து நின்றுகொள்கிறோம். அந்த நடுவிடம் அவ்வளவு அகலமானதா? பொருளியல் பாடத்தில் 'குடும்ப வருமானம்' என்னும் தொடரைப் படிக்கும் நாம், அதை நம் வீட்டு அடுப்பங்கரைவரை கொண்டுபோய்ப் பார்ப்போம், வாருங்கள் தோழியரே.

முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வறுமைக் கோட்டை வரைய டெண்டுல்கர் குழு (2009), ரங்கராஜன் குழு (2014) எனப் பல குழுக்கள் அமைந்தன. ஆனால் நடுத்தர வகுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அரசின் பொதுவான வரையறை ஏதும் இல்லை. ஆய்வு நிறுவனங்கள் தாமாகவே எல்லை வகுத்துக்கொள்கின்றன. 'பிரைஸ்' என்னும் நிறுவனம் 2020-21ஆம் ஆண்டைக் கொண்டு செய்த ஆய்வில், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் முதல் 30 இலட்சம் ரூபாய் வரை ஈட்டும் குடும்பங்களை நடுத்தரம் என்று கொண்டது. அக்கணக்கின்படி இந்திய மக்களில் நூற்றுக்கு 31 பேர் அவ்வகுப்பில் அடங்கினர். மாதக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 42,000 ரூபாய் வாங்கும் வீடும் நடுத்தரம். இரண்டரை இலட்சம் வாங்கும் வீடும் நடுத்தரம்! முதல் வீட்டில் மிக்சி பழுதானால் அன்று முழுவதும் அதுவே பேச்சு. இரண்டாம் வீட்டில் அது ஒரு செய்தியே அன்று.

அரசுச் சட்டங்களும் திட்டங்களும் தத்தம் தேவைக்கு ஏற்ப ஒவ்வோர் எண்ணை வைத்துக்கொள்கின்றன. மத்திய அரசு, பிற்படுத்தப்பட்டோரில் 'வளமான பிரிவினர்' யார் என்று காண 2017இல் ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் என்று வரம்பு வைத்தது. 2019இல் வந்த 103ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை அடுத்து, 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்' யார் என்பதற்கும் குடும்ப வருமானம் 8 இலட்சத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றே விதித்தது. ஒரே எட்டு இலட்சம் ஓரிடத்தில் வளமையின் வாசற்படியாகவும், வேறோரிடத்தில் நலிவின் மேல் எல்லையாகவும் நிற்பதைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையோ, புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 இலட்சம் வரை வருமானவரி கட்ட வேண்டியதில்லை என்றது.

நம் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் இன்னும் சுவையான பாடத்தைத் தருகிறது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வகுத்த விதிகளில், ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்குள் இருக்க வேண்டும் என்பதோடு விடவில்லை. நன்செய் 5 ஏக்கருக்கு மேற்படக் கூடாது. புன்செய் 10 ஏக்கருக்கு மேற்படக் கூடாது. ஆண்டு முழுவதற்கும் வீட்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். மின்கட்டணச் சிட்டைக்கும் வருமானத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரரின் வருமானத்தைச் சம்பளப் பட்டியல் சொல்லிவிடும். பெட்டிக்கடைக்காரர், கொத்தனார், மீன் ஏலம் எடுப்பவர் ஆகியோரின் வருமானத்தை யார் கணக்கெடுப்பது? அவர்களுக்கே சரியாகத் தெரியாதே! ஆனால் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் எவ்வளவு ஓடின என்பதை மீட்டர் எழுதிவைத்துக்கொள்கிறது. இது ஓரளவு நல்ல சாட்சிதான். ஆயினும் ஒரே மீட்டரின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளும் உண்டு. அவ்விடத்தில் அந்தச் சாட்சியை அப்படியே நம்புவதற்கில்லை.

சரி, வருமானத் தொகை தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, இரண்டு வீடுகளுக்கும் மாதம் 40,000 ரூபாய் வருகிறது. முதல் வீட்டில் மூவர். பாட்டன் கட்டிய சொந்த வீடு. இரண்டாம் வீட்டில் அறுவர், வாடகை வீடு, பாட்டிக்குச் சர்க்கரை நோய் மாத்திரை. படிவத்தில் இரு வீட்டு வருமானமும் ஒன்றே. தலைக்கு வகுத்தால் முதல் வீட்டில் 13,333 ரூபாய். இரண்டாம் வீட்டில் 6,667 ரூபாய். 2023-24ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக நகரத்தில் 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122 ரூபாய். ஆக, இரண்டாம் வீட்டில் ஒருவர் பங்குக்கு வரும் முழுத் தொகையும் நகரத்துச் சராசரிச் செலவைக்கூட எட்டவில்லை. வாடகையைக் கழித்துப் பார்த்தால் நிலைமை இன்னும் இறங்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூவர் படிக்கும் அறையிலும் ஒரு விளக்குதான். அறுவர் படிக்கும் அறையிலும் ஒரு விளக்குதான். குக்கரும் அப்படியே. எனவே வெறும் தலை எண்ணிக்கையால் வகுப்பது பெரிய குடும்பத்தின் நிலையைச் சற்றுக் குறைத்தே காட்டும். அதனால் புள்ளியியலார் சிலர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பர். நால்வர் உள்ள வீட்டை இருவராகக் கணக்கிடுவர். கணக்கு வகுப்பில் வர்க்கமூலம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் தோழியர் இதைக் கவனிக்க!

வருமானத்தைக் கேளாமலேயே ஒரு வீட்டின் நிலையை அறிய வழியுண்டா? உண்டு என்றார் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்னஸ்ட் எங்கெல். (மார்க்சின் நண்பர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு. தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளை ஆராய்ந்து, வருமானம் கூடக்கூட, மொத்தச் செலவில் உணவுக்காகும் பங்கு குறைந்துகொண்டே போகும் என்று 1857இல் அவர் வெளியிட்டார். உணவுக்குச் செலவிடும் பணம் கூடலாம், பங்குதான் குறையும். பணம் எவ்வளவு பெருகினாலும் வயிறு பெருகாதல்லவா? நம் நாட்டிலும் இவ்விதி பொய்க்கவில்லை. 1999-2000இல் கிராம மக்களின் செலவில் நூற்றுக்கு 59 பங்கும் நகர மக்களின் செலவில் 48 பங்கும் உணவுக்கே போயின. 2023-24இல் அவை ஏறத்தாழ 47, 40 என்று குறைந்தன. அதுவும் அந்த உணவுச் செலவிற்குள்ளேயே தானியத்தின் பங்கு இறங்கிவிட்டது. கடையில் வாங்கும் தின்பண்டமும் பானமும் ஏறிவிட்டன.

ஆனால் எங்கெலின் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம் வீட்டில் பொருத்திவிடலாகாது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அவ்வரிசியை உண்ணும் வீட்டில் உணவுச் செலவு குறைந்து தோன்றும். அதனால் அந்த வீடு வளமானது என்று முடிவு கட்ட முடியாது. மற்றொன்று. வண்டித் தவணை, வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம் என்று மாதத்தின் முதல் வாரத்திலேயே பணம் போய்விட, மிச்சத்தில் பாலைக் குறைத்து முட்டையை நிறுத்தும் வீடுகள் எத்தனை! அங்கும் உணவின் பங்கு குறைவாகத்தான் தெரியும். அக்குறைவுக்குக் காரணம் செழிப்பு அன்று, நெருக்கடி.

இனி, வருமானம் எவ்வளவு என்பதைப் போலவே, எப்போது வருகிறது என்பதும் முக்கியமானது. மாதச் சம்பளக்காரருக்கு வருங்கால வைப்பு நிதிக்கென அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்கு 12 பிடித்தம் போகிறது. கைக்கு வருவது குறைகிறது. ஆனால் அப்பிடித்தமே பின்னாளில் அவருக்குத் துணை. நம் கடற்கரை ஊர்களைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017 முதல் இத்தடை 61 நாட்கள் நீடிக்கிறது. மீன்வளம் பெருக அது தேவையானதே. அரசும் நிவாரணத் தொகை தருகிறது. ஆனால் படகில் போகும் தொழிலாளியின் வீட்டில் பத்து மாத வருமானம் பன்னிரண்டு மாதத்திற்கு நீள வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூன் மாதத்தில்! ஆண்டு வருமானம் ஒன்றாகவே இருந்தாலும் எழுத்தர் வீடும் இவ்வீடும் ஒன்றாகா.

ஆகவே நமக்குத் தோன்றுவது இது: வருமானம் நின்றுபோனால் எத்தனை மாதம் அந்த வீடு தாங்கும் என்பதே நடுத்தரத்தின் உண்மையான அளவுகோல். இதை நம் தாய்மார் நன்கறிந்த ஏலச்சீட்டைக் கொண்டே விளக்கலாம். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். மொத்தச் சீட்டு ஓர் இலட்சம். முதல் மாதமே பணம் வேண்டும் என்பவர் 25,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 75,000 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று கொள்வோம். சீட்டு நடத்துபவர் தம் கூலியாக 5,000 எடுத்துக்கொள்ள, மீதி 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரிகிறது. அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,000 கட்டினால் போதும். எடுத்தவரோ மீதிப் பத்தொன்பது மாதமும் தவறாமல் கட்ட வேண்டும். கடைசிவரை காத்திருப்பவர், மாதந்தோறும் பிறர் விட்டுக்கொடுத்த தொகையில் பங்கு பெற்று, இறுதியில் ஏலமின்றியே சீட்டை எடுக்கிறார்.

இருபது பேரும் ஒரே தெருவினர். ஒரே தொகை கட்டுபவர். எல்லாரும் நடுத்தரம் என்றே சொல்லிக்கொள்வர். ஆனால் காத்திருக்க இயன்றவர் இலாபம் அடைகிறார். மருத்துவமனைச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ முதலில் எடுக்க நேர்ந்தவர் அந்த இலாபத்தைத் தம் கையிலிருந்து கொடுக்கிறார். சீட்டும் இல்லாத வீட்டில் வளையல் அடகுக் கடைக்குப் போகும். நகையை நாம் அலங்காரம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் அதுவே சேமிப்பு வங்கி.

குடும்ப வருமானத்தில் சேராத ஒரு பெருந்தொகையும் உண்டு. அது அம்மாவின் உழைப்பு. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! இதற்குச் சம்பளப் பட்டியல் இல்லை. எனவே கணக்கில் சுழியம். அம்மா பத்து நாள் படுத்துவிட்டால் மட்டும் ஓட்டல் சாப்பாடு, வேலைக்காரி, இஸ்திரி என்று அந்தச் சுழியத்தின் விலை தெரியவரும். ஒருவர் சம்பளத்தில் 'நடுத்தரமாக' நடக்கும் வீடு உண்மையில் இருவர் உழைப்பில்தான் நடக்கிறது.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கிறீர்களா? வீட்டில் வரவு குறையும்போது எது முதலில் வெட்டுப்படுகிறது என்று கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறி, பிறகு தீபாவளிப் பலகாரம் அல்லது கிறிஸ்துமஸ் புத்தாடை, பிறகு டியூஷன். அதற்கும் பின்னால், "பெண் பிள்ளை பிளஸ் டூ வரை படித்தது போதாதா?" என்னும் கேள்வி வருகிறது. தம்பியைப் பற்றி அக்கேள்வி அவ்வளவு விரைவில் எழுவதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகத் தொழிற்கல்வியில் சேர்பவர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் ஆணையை அரசு 2010இல் பிறப்பித்தபோது, சாதியையும் வருமானத்தையும் அதற்குத் தடையாக வைக்கவில்லை. இவற்றையெல்லாம் "அது ஏழைகளுக்கு, நமக்கெதற்கு?" என்று விட்டுவிடும் வீடுகளை நாம் அறிவோம். நடுத்தரம் என்ற பெயரைக் காக்க மகளின் படிப்பை விலையாகக் கொடுப்பது எந்தப் பொருளியலிலும் சேராது.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இவ்வாண்டு ஒரு மாதக் கணக்கை நாமே எழுதிப் பார்க்கலாம். கைக்கு வந்தது ஒரு பக்கம்; மளிகைச் சிட்டை, பால், வாடகை, தவணை, மருந்து, படிப்பு மறுபக்கம். ரேஷன் அரிசியைக் கடை விலைக்கு மதிப்பிட்டு வரவிலும் செலவிலும் சேருங்கள். உணவின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று காணுங்கள். கையிருப்பை ஒரு மாதச் செலவால் வகுத்து எத்தனை மாதம் தாங்கும் என்று குறியுங்கள். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். அப்பாவுக்குப் பால் கணக்குத் தெரியாது. தொடங்குவதற்கு ஜூன் மாதம் ஏற்றது. கட்டணம், சீருடை, புத்தகப் பை என்று வரவைச் செலவு முந்திக்கொண்டு ஓடும் மாதம் அதுதான்.