டாம்கேட் சர்வரில் இணைப்புக் கையிருப்பு

பலர்க்கும் வேண்டப்படுவதாய பொருள் சிலவேயாக இருப்பின், அதனைப் பொதுவில் வைத்து, வேண்டுவார்க்கு இரவலாக உதவி, மீளப் பெற்றுக்கொள்ளுதலே முறை. நூல்நிலையங்கள் நடைபெறுவது இம்முறையாலே. கணிப்பொறித் துறையிலும் இம்முறை உண்டு. ஜாவா மொழியில் எழுதப்பெற்ற வலைத்தளங்களை நடத்தும் டாம்கேட் என்னும் சர்வரில் அதனை அமைக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

வலைத்தளத்தை நாடி வருவார் வினவுவனவற்றிற்குச் சர்வர் பெரும்பாலும் தரவுத்தளத்தைக் கேட்டே விடை கூறும். கேட்டற்கு இரண்டிற்கும் இடையே ஓர் இணைப்பு வேண்டும். இணைப்பொன்றை நிறுவுதலோ எளிதன்று. வலைப்பின்னல் வழியே தொடர்பு கொள்ளல் வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமாயின், ஒவ்வோர் இணைப்பிற்கும் தனியே ஒரு செயல்முறை தோற்றுவிக்கப்படல் வேண்டும். சிறியதொரு வினாவிற்கு விடை காண்பதினும் இணைப்பை நிறுவுதற்கே மிகுந்த நேரம் செல்லுதல் உண்டு. ஆதலின், நிறுவிய இணைப்புகளை அழியாமற் காத்து, வினவுவார்க்கு இரவல் கொடுத்து, வினா முடிந்தவுடன் மீளப் பெறுவர். இக்கையிருப்பையே கனெக்ஷன் பூல் என்பர். இரவல் வழங்கும் வாயிலுக்கு ஜாவாவில் டேட்டாசோர்ஸ் என்று பெயர்.

அமைக்கும் முறை வருமாறு: முதலாவது, தரவுத்தளத்திற்குரிய டிரைவர் கோப்பினை டாம்கேட்டின் 'லிப்' அடைவில் இடுக. இரண்டாவது, வலைத்தளத்தின் 'மெட்டா-இன்ஃப்' அடைவிலுள்ள 'கான்டெக்ஸ்ட்' என்னும் எக்ஸ்எம்எல் கோப்பில் 'ரிசோர்ஸ்' என்னும் உறுப்பொன்றை எழுதுக. கையிருப்பின் பெயர், வகை, டிரைவரின் பெயர், தரவுத்தளத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை அதன்கண் இடம்பெறும். மூன்றாவது, நிரலினுள் இவற்றை எழுதாது, ஜேஎன்டிஐ என்னும் பெயர்ப்பதிவின் வாயிலாகக் கையிருப்பின் பெயரை மட்டும் சொல்லி டேட்டாசோர்ஸைப் பெறுக. இதனாலாய பயன் யாதெனின், கடவுச்சொல் மாறினும் தரவுத்தளம் இடம் பெயரினும் நிரலைத் தொடவேண்டுவதில்லை என்பது.

நிற்க. கையிருப்பின் அளவைக் குறிக்கும் எண்களை அறிதல் இன்றியமையாதது. மாக்ஸ்டோட்டல் என்பது ஒரே காலத்தில் இருக்கக்கூடிய இணைப்புகளின் மேலெல்லை. மாக்ஸ்ஐடில் என்பது வேலையின்றி வைத்திருக்கத்தக்கவற்றின் மேலெல்லை. நாம் ஒன்றும் குறியாவிடின், டாம்கேட் இயல்பாகக் கையாளும் டிபிசிபி 2 இவ்விரண்டையும் 8 என்றே கொள்ளும். மாக்ஸ்வெயிட்மில்லிஸ் என்பது, எல்லா இணைப்புகளும் இரவல் போயிருக்குங்கால் வந்தவர் காத்திருக்க வேண்டிய கால எல்லை. மில்லி நொடிக் கணக்கில் எழுதப்படுவது. இதனைக் குறியாவிடின் -1 என்று கொள்ளப்படும்; அஃதாவது, எல்லையின்றிக் காத்திருத்தல். இவை டாம்கேட் 8 முதலாக வழங்கும் பெயர்கள். டாம்கேட் 7-இல் மாக்ஸ்ஆக்டிவ், மாக்ஸ்வெயிட் என்பன வழங்கின. அப்பழைய பெயர்களை இன்று எழுதின், சர்வர் தன் பதிவேட்டில் எச்சரிக்கை ஒன்றைக் குறித்துவிட்டு அவற்றைப் பொருட்படுத்தாது.

இவ்வெண்களின் பொருளை யாம் பட்டே அறிந்தோம். எம் தமிழ்மன்றத்து நூற்பட்டியலை வலைத்தளமாக அமைத்தபோது எண்கள் ஒன்றையும் குறியாது விட்டோம். காலையில் செவ்வனே நடந்த தளம், நண்பகலில் எவர்க்கும் விடை கூறாது நின்றது. சர்வரை நிறுத்தித் தொடங்கின் நடந்தது, மறுநாளும் நின்றது. ஆராய்ந்தவிடத்துக் குற்றம் எமதே என்று கண்டோம். பதிப்பாண்டு என்னும் கட்டத்தில், பழைய நூல்களின் முகப்பில் உள்ளவாறே 'விபவ' முதலிய வருடப் பெயரை எவரேனும் இட்டால், எண்ணையே எதிர்பார்த்த நிரல் இடையில் முறிந்தது. இணைப்பை மீளக் கொடுக்கும் 'குளோஸ்' என்னும் வரி அதற்குக் கீழே இருந்தமையின் நிறைவேறவில்லை. இங்ஙனம் பிழைக்கு ஒன்றாக இரவல் போனவை மீளாவாயின. எட்டுப் பிழைகள் நேர்ந்தபின் கையிருப்பு வறிதாயிற்று. ஒன்பதாமவர் எல்லையின்றிக் காத்திருந்தார்.

எட்டினை எண்பதாக்கினாற் போதாதோ எனின், போதாது. மீளாத இரவலுக்கு எண்பதும் ஒருநாள் தீரும். தீங்கு வரும் நாழிகை தள்ளிப்போவதன்றித் தவிர்வதில்லை. மேலும், போஸ்ட்கிரெஸ் தானாக ஏற்கும் இணைப்புகளின் எல்லை 100. இரண்டு சர்வர்கள் தனித்தனியே 60 வேண்டின் அவ்வெல்லை கடந்துவிடும்.

ஆகவே யாம் செய்த திருத்தங்கள் மூன்று. 2011-இல் வெளிவந்த ஜாவா 7 முதலாக உள்ள 'டிரை-வித்-ரிசோர்சஸ்' என்னும் அமைப்பினுள் இணைப்பைப் பெற்றோம். நிரல் முறியினும் இணைப்பு மீளும். காத்திருக்கும் எல்லையை 10000, அதாவது 10 நொடி, என்று குறித்தோம். இனிக் குறை நேரின் மௌனம் இராது, பிழைச்செய்தி தோன்றும். 'ரிமூவ்அபாண்டன்ட்ஆன்பாரோ', 'லாக்அபாண்டன்ட்' என்னும் இரண்டனையும் இயக்கினோம். கையிருப்பு அருகுங்கால், 300 நொடி பயன்படாது இரவலிலேயே கிடக்கும் இணைப்பை முன்னது மீட்கும். அதனைப் பெற்ற இடம் நிரலில் யாதென்று பின்னது காட்டும். ஆயினும் பின்னிரண்டும் காவலே, முதலாவதே மருந்து.

'குளோஸ்' என்னும் சொல் கையிருப்பின்கண் அழித்தலைக் குறியாது, மீளக் கொடுத்தலையே குறிக்கும். நம் வினாவிற்கு விடை கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் பின்னே ஒருவர் காத்திருக்கின்றார். அவர் முகம் நாம் அறியோம். அவர் பங்கு நம் கையில் இருக்கின்றது. அதனை மீளக் கொடுத்த பின்னரே நம் வேலை முடிந்ததாகும்.