பூட்டனார் ஓடிப்போனாரா? குடும்ப வரலாறு தேடுவோருக்குச் சில குறிப்புகள்

எங்கள் பூட்டனார் கொள்ளேகாலில் தானியக் கடை வைத்திருந்தார். தாது வருஷப் பஞ்சத்தில் கடன்காரர்களுக்குப் பயந்து இரவோடு இரவாக ஓடிவிட்டார் என்பது உறவினரிடையே வழிவழியாக வந்த பேச்சு. அந்தச் சொல்லை என் தகப்பனார் கடைசிவரை மனதில் சுமந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் நான் உண்மையைத் தேடப் புறப்பட்டேன். என் தவறுகள் சங்க அன்பர்களுக்குப் பயன்படட்டும்.

முதலாவது, ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். நான் மைசூரில் இரண்டு வருடம் வீணாக அலைந்தேன். விக்டோரியா ராணி காலத்தில் கொள்ளேகால் தாலுகா, சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் மைசூரோடு இணைந்தது. எனவே கோயமுத்தூரிலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடுவதே முறை.

இரண்டாவது, காலக்கணக்கு. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது 1816-லும் 1876-லும் 1936-லும் வந்தது. பெரும் பஞ்சம் 1876-78. வருவாய்க் காகிதங்களில் பசலி இருக்கும். அதனோடு 590 கூட்டுங்கள். பசலி 1287 என்றால் 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரை.

மூன்றாவது, பத்திரத்தின் பின்பக்கம். பதிவான பத்திரமானால் பதிவு அலுவலகம், புத்தகம், பக்கம், தேதி எல்லாம் அங்கே இருக்கும்.

கடைசியில் விடை கிடைத்தது மார்டள்ளியில், ஒன்றுவிட்ட அக்காள் வீட்டுத் தகரப் பெட்டியில்! ஈசுவர வருஷம் ஆவணி மாதக் கிரையப் பத்திரம். பின்பக்கம் 1877 ஆகஸ்டு. மூன்று பேருடைய கடனைத் தீர்ப்பதற்காகக் கடையையும் வீட்டையும் விற்பதாக எழுதி, பூட்டனார் கையெழுத்திட்டிருந்தார். ஓடிப்போனவர் பதிவு அலுவலகத்தில் நேரில் போய் நிற்பாரா?

பஞ்சத்தில் தானிய வியாபாரிக்கு லாபம்தானே என்று கேட்கலாம். அறுவடையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று குடியானவருக்குக் கடனாகக் கொடுத்தவருக்கு, அறுவடையே இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்? வெளியூர்த் தானியம் கொண்டுவர ரயிலும் கிடையாது. மைசூர் நகருக்கே பெங்களூரிலிருந்து பாதை முடிந்தது 1882-ல்தான்.

கடன் முழுவதும் அடைந்ததா என்று இந்த ஒரு பத்திரத்தைக் கொண்டு சொல்ல முடியாது. ஆனால் அவர் சொல்லாமல் ஓடவில்லை. இதைக் கேட்க என் தகப்பனார் இல்லை என்பதே குறை. அன்பர்களே, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.