அரிவாள் அணுச் சோகையும் ஆலோசகரின் பணியும்

இரத்தப் பரிசோதனையின் முடிவு ஒரு தாளில் ஒரே வரியாக எழுதப்பட்டு வருகிறது. அதைப் பெறுவோரோ பல வகையினர். நோயுற்ற குழந்தையின் தாய், திருமணம் நிச்சயமாகவிருக்கும் இளைஞன், மூன்று மாதக் கர்ப்பிணி, பள்ளி மாணவி, குடும்பத்துப் பெரியவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வரி வெவ்வேறு கேள்வியை எழுப்புகிறது. அக்கேள்வியை அறிந்து, அதற்கேற்ப அந்த வரியை விளக்குபவரே ஆலோசகர். பரம்பரை நோய்களைப் பொறுத்தவரை இப்பணிக்கு மரபியல் ஆலோசனை என்று பெயர். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய ஷெல்டன் ரீட் என்னும் விஞ்ஞானி இப்பெயரை வழங்கினார். தனிப்பயிற்சி பெற்ற ஆலோசகர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இப்பணியின் தன்மையை அறிந்திருத்தல் அவசியமாகிறது.

அரிவாள் அணுச் சோகையை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதற்குக் காரணமான ஹீமோகுளோபின் இந்தியாவில் இருப்பதை 1952-ஆம் ஆண்டில் நீலகிரி வாழ் பழங்குடி மக்களிடையே லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் முதன் முதலாகக் கண்டனர். பின்னர் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா முதலிய மாநிலங்களிலும் இது பரவலாக இருப்பது தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தொடங்கப்பெற்ற தேசிய இயக்கம் 7 கோடி மக்களைப் பரிசோதிப்பதையும், 2047-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பதையும் குறிக்கோளாகக் கொண்டது. ஏழு கோடிப் பரிசோதனை என்றால் ஏழு கோடித் தாள்கள். அவற்றைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது.

நோயின் தன்மையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். அதற்குப் பதிலாக வாலின் என்னும் அமினோ அமிலம் அமைந்துவிடுவதே இதன் மூலம். பிராணவாயு குறையும்போது இத்தகைய ஹீமோகுளோபின் இழைகளாகத் திரள்கிறது. சிவப்பணுக்கள் விறைத்து, கதிரறுக்கும் அரிவாள்போல் வளைகின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்குகின்றன. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. இவையோ சில வாரங்களுக்குள் அழிந்துவிடுவதால் சோகை ஏற்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய ஜீனைப் பெற்றவருக்கே இந்நோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார்.

இந்த இரண்டாம் வகையினரை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லைத் தமிழில் 'நோய் கடத்துவோர்' என்று பெயர்ப்பதுண்டு. மொழிபெயர்ப்பு வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், இச்சொல்லை நான் ஏற்பதில்லை. அதைக் கேட்பவர், அம்மனிதரைத் தொட்டாலோ அவருடன் உண்டாலோ நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணுவது இயற்கை. 'ஒற்றை ஜீன் உடையவர்' என்பது அழகான தொடர் அன்று. ஆயினும் அதனால் எவருக்கும் தீங்கு நேராது. அவ்வாறே, ஆலோசகரைத் தேடி வருபவர் அனைவரையும் 'நோயாளி' என்பதும் பொருந்தாது. இக்கட்டுரையில் அவர்களை 'நாடி வருவோர்' என்றே குறிப்பிடுகிறோம்.

சொல்லில் இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கலாம். கிரேக்க நாட்டில் ஆர்க்கோமெனோஸ் என்னும் ஊரில் நடந்ததைப் பார்ப்போம். அங்கு ஊர்மக்களின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. யார் யாருக்கு ஒற்றை ஜீன் உண்டு என்றும் கூறப்பட்டது. ஒற்றை ஜீன் உடைய இருவர் மணந்துகொள்வது குறையும் என்பதே எதிர்பார்ப்பு. சில ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது அது குறையவில்லை என்று தெரிந்தது. ஒற்றை ஜீன் உடையவரைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் ஊரில் தோன்றிவிட்டதால், அவர்களிற் பலர் திருமணப் பேச்சின்போது உண்மையை மறைத்துவிட்டனர். இம்முடிவுகள் 1970-களில் வெளியாயின. பரிசோதனையில் பிழை இல்லை. அதன் முடிவை ஊரார் எவ்வாறு ஏற்பர் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாராததே குறை.

ஆகவே மணமாகாத இளைஞரிடமும் பெண்களிடமும் பேசும்போதே ஆலோசகருக்கு மிகுந்த நிதானம் வேண்டும். முடிவை அவரிடம் மட்டுமே தனியிடத்தில் கூறவேண்டும். சிறுவயதினராயின் பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் பெயர் கூப்பிட்டு அட்டை வழங்குவதும், பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுவதும் கூடவே கூடாது. "நீ இன்னாரை மணக்காதே" என்று சொல்வது ஆலோசகரின் வேலையன்று. ஒற்றை ஜீன் உடையவர், மாறிய ஜீன் இல்லாதவரை மணந்தால் குழந்தைகளுக்கு இந்நோய் வராது. பாதி வாய்ப்பில் ஒற்றை ஜீன் மட்டும் வரலாம். இருவருக்கும் ஒற்றை ஜீன் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இவ்வுண்மைகளை உரைத்து, முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

'நான்கில் ஒன்று' என்பது தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கணக்கு. முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகள் தப்பும் என்று பெற்றோர் கருதுவதுண்டு. இதைத் திருத்த நீண்ட சொற்பொழிவு பயன்படாது, புளியங்கொட்டை போதும். இரண்டு துணிப்பைகளை எடுத்துக்கொள்க. ஒன்று தாய், மற்றொன்று தந்தை. ஒவ்வொன்றிலும் ஒரே அளவான இரண்டு கொட்டைகளை இட்டு, அவற்றுள் ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வைக்கவும். பொட்டுள்ளதே மாறிய ஜீன். பாராமல் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கொட்டை எடுக்கச் செய்து, வந்ததைக் கரும்பலகையில் குறித்துவிட்டு, கொட்டைகளை அந்தந்தப் பைக்குள் திரும்பப் போடவேண்டும். இவ்வாறு இருபது முறை செய்தால் இரு பொட்டுகள் சேர்ந்து வருவது ஏறக்குறைய ஐந்து முறை இருக்கும். ஆனால் அவை வரிசையாக வருவதில்லை. அடுத்தடுத்து இருமுறை வரலாம், எட்டு முறை எடுத்தும் வராமலும் போகலாம். கொட்டையைத் திரும்பப் போடும் செயலே இப்பாடத்தின் உயிர். முந்தைய பிள்ளைப்பேறு அடுத்ததைப் பாதிப்பதில்லை என்பதை அது கண்முன் காட்டுகிறது.

கர்ப்பிணிகளுக்குக் காலமே முக்கியம். முதல் வருகையிலேயே இரத்தம் பரிசோதிக்கப்பட வேண்டும். ஒற்றை ஜீன் இருப்பின் தாமதமின்றிக் கணவரையும் பரிசோதிக்க வேண்டும். கணவரிடம் அரிவாள் ஜீன் இல்லாவிடினும் பீட்டாத் தலசீமியா ஜீன் இருக்கலாம். இவ்விரண்டும் சேர்ந்தாலும் குழந்தைக்கு நோய் உண்டாகும். கரைதிறன் சோதனை என்னும் எளிய முறை இதைக் காட்டாது. நோயாளியையும் ஒற்றை ஜீன் உடையவரையும் அது பிரித்தறியவும் செய்யாது. ஆதலால் மின்புலப் பகுப்பு முதலிய உறுதிச் சோதனை வருமுன் எவரிடமும் முடிவு கூறுதல் தகாது. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஹீமோகுளோபின் நோய்கள் உள்ளனவா என்று ஆராய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாய்ப்பைத் தெரிவிப்பது ஆலோசகர் கடமை. ஏற்பதும் மறுப்பதும் அப்பெண்ணின் உரிமை. இன்னொன்றும் சொல்லவேண்டும். குடும்பம் முழுவதையும் பரிசோதிக்கும்போது, வெளிவரக் கூடாத உறவு இரகசியம் வெளிப்படவும் கூடும். ஆகவே ஒவ்வொருவர் முடிவையும் அவரவரிடமே கூறவேண்டும். ஒருவருடையதை மற்றவரிடம் கூறலாகாது.

நோயுற்ற குழந்தையின் பெற்றோர் பெரும்பாலும் குற்றவுணர்ச்சியோடு வருவர். "மருமகள் கொண்டுவந்த நோய்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுமுண்டு. இருவரிடமிருந்தும் வந்தாலன்றி நோய் இல்லை என்பதைப் பெரியவர்களையும் அருகில் அமர்த்திச் சொல்லுதல் நன்று. புளியங்கொட்டை இங்கும் உதவும். அதன்பின் தாய்க்குச் செய்முறைகளைக் கற்பிக்கலாம். காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இக்குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று விரைவில் முற்றிவிடும். இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கவும் தாய் கற்கவேண்டும். அது திடீரெனப் பெருத்து, குழந்தை வெளிறிச் சோர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தடுப்பூசிகள் ஒன்றும் தவறக் கூடாது.

வளர்ந்த நோயாளியின் குறை வேறு. அவனுடைய வலி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று ஓடி விளையாடியவன் இன்று எழமுடியவில்லை என்றால், சோம்பேறி என்று ஆசிரியர் எண்ணிவிடலாம். இத்தகைய மாணவன் அடிக்கடி நீர் அருந்தவேண்டும். சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனை இழப்பதால் அடிக்கடி வெளியே செல்லவும் வேண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் வகுப்பில் தடையின்றி அனுமதி அளிக்கவேண்டும். கடுங்குளிர், கடும் வெயில், மூச்சிரைக்கும் ஓட்டம் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். எல்லா விளையாட்டுகளிலிருந்தும் விலக்குவது வேண்டாம்.

ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து வலியின் தாக்குதல்களைக் குறைக்கிறது. ஆனால் இது வலி வந்தபோது விழுங்கும் மாத்திரையன்று, நாள்தோறும் உட்கொள்ளவேண்டியது. வலி நின்றவுடன் பலர் இதை நிறுத்திவிடுவதால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஆலோசகர் மாத்திரை எத்தனை மீதமுள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். இடையிடையே இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சோதிக்கவேண்டும். குழந்தைப்பேற்றை விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் பெறும் வழியையும் மாணவனுக்கும் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

முதற் சந்திப்பில் இவ்வளவையும் கூறிவிட முயல்வது பயனற்றது. முடிவைக் கேட்டு அதிர்ந்திருப்பவர் காதில் பாதியும் ஏறாது. வந்தவர் எதைக் கேட்க வந்தாரோ அதற்கு முதலில் விடை கூறி, புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்து, இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் சந்திக்க நாள் குறித்து அனுப்பவேண்டும். அந்நாளில் அவர் வராவிடில், ஊழியர் தாமே சென்று காணவேண்டும்; அண்டை வீட்டாரிடம் காரணம் கூறாமல்.