ரிட்டர்ன் திரும்பி வந்தால் பதறாதீர்கள்!
(கணக்குப் பாடம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று தொடங்கிய நம்மில் பலர் இன்று சேர்ந்து கம்பெனியாகவே பதிவு செய்து தொழில் செய்கிறோம். கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் ஆண்டுதோறும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதுவும் கம்ப்யூட்டர் வழியாகத்தான். அப்படி அனுப்பிய ரிட்டர்ன் "குறைபாடு உள்ளது" என்று திரும்பி வந்தால் என்ன செய்வது? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

தீபக் கூட்டத்தில் மறந்து போன நோட்டீஸ்

ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் துணிப்பை தைக்கும் பெண்கள் கம்பெனி ஒன்று. அக்டோபரில் ரிட்டர்ன் அனுப்பினார்கள். ஒப்புகைச் சீட்டும் கையில் வந்தது. வேலை முடிந்தது என்று எல்லோரும் கார்த்திகை தீபக் கடை வேலையில் இறங்கிவிட்டார்கள். தீபம் முடிந்து, கடன் புதுப்பிக்க வங்கிக்குப் போனபோது மேலாளர், "ரிட்டர்ன் பிராசஸ் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

தலைவி என்னிடம் வந்தார். "என்னக்கா இது, போன மாசமே அனுப்பியாச்சே?" என்றார். இருவரும் உட்கார்ந்து இணையதளத்தைத் திறந்து பார்த்தோம். 11 நாளைக்கு முன்னாடியே நோட்டீஸ் வந்து கிடக்கிறது! ரிட்டர்ன் ஏற்றிக் கொடுத்த இடத்தில் அவர்களுடைய இமெயிலையே பதிவு செய்திருந்தார்கள். அவர்கள் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பதில் தர மீதி இருந்தது 4 நாள்தான்.

என்ன தப்பு நடந்தது?

மார்ச் மாதம் ஒருவர் துணி கொடுத்துப் பை தைக்கச் சொல்லி 1,50,000 ரூபாய் முன்பணம் தந்தார். அதில் 2 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்தார். பை கொடுத்து பில் போட்டது மே மாதம். ஆக, வருமானம் அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். ஆனால் ரிட்டர்னில் 3,000 ரூபாயை இந்த ஆண்டே திருப்பிக் கேட்டுவிட்டார்கள். "வரி பிடித்ததைக் கேட்கிறீர்கள், அதற்கான வருமானத்தைக் காட்டவில்லையே" என்பதுதான் நோட்டீஸ்.

கணக்கு சரி, படிவம்தான் தப்பு. டி.டி.எஸ். பக்கத்தில் இந்த ஆண்டுக்குப் பூஜ்யம் போட்டு, 3,000 ரூபாயை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வதாகத் திருத்தினோம். வருமானம் எந்த ஆண்டோ, டி.டி.எஸ். கேட்பதும் அந்த ஆண்டுதான்.

விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குறையைத் திருத்தாவிட்டால் ரிட்டர்ன் செல்லாது. அனுப்பவே இல்லை என்று கணக்கு! அந்தக் கம்பெனிக்கு அந்த ஆண்டு 80,000 ரூபாய் நஷ்டம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் தொழில் நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம். அடுத்த ஆண்டு 1,20,000 ரூபாய் லாபம் வந்தால், நஷ்டம் போக 40,000-க்கு வரி கட்டினால் போதும். ரிட்டர்ன் செல்லாமல் போனால் 1,20,000-க்கும் கட்ட வேண்டும். 22 சதவீத வரித் திட்டத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து சுமார் 25 சதவீதம் வரும். கிட்டத்தட்ட 20,000 ரூபாய் வீண். எத்தனை பை தைத்த கூலி அது! தாமதக் கட்டணம் வேறு.

திருத்துவது எப்படி?

1. வருமான வரி இணையதளத்தில் கம்பெனியின் பான் எண்ணைப் போட்டு உள்ளே செல்லுங்கள். 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்', அதில் 'இ-புரொசீடிங்ஸ்' பாருங்கள். 139(9) பிரிவு நோட்டீஸ் அங்கே இருக்கும்.

2. இமெயிலில் வந்த நோட்டீஸ் பூட்டியிருக்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, தொடர்ந்து கம்பெனி பதிவான நாள், மாதம், ஆண்டை அடித்தால் திறக்கும்.

3. குறை எது என்று படியுங்கள். 26ஏ.எஸ். படிவத்தோடு ஒப்பிடுங்கள். பெயர் பான் பதிவோடு ஒத்துப் போகாதது, லாப நஷ்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் நிரப்பாதது, தேவையான தணிக்கை அறிக்கை ஏற்றாதது ஆகியவையும் அடிக்கடி வரும் குறைகள்.

4. குறை உண்மையானால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தேர்ந்து, திருத்திய ஐ.டி.ஆர்.-6 படிவத்தை அந்த நோட்டீஸுக்குப் பதிலாகவே ஏற்றுங்கள். ரிட்டர்னைத் திருத்திப் போடும் காலம் முடிந்துவிட்டால் தனியாகப் புது ரிட்டர்ன் போட முடியாது, நோட்டீஸுக்குத்தான் பதில் தர வேண்டும். குறை இல்லை என்றால் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று காரணம் எழுதலாம்.

5. கெடு 15 நாள். போதாவிட்டால் கெடு முடிவதற்குள் கூடுதல் நாள் கேளுங்கள். கெடு தாண்டித் திருத்தினாலும், வரி மதிப்பீடு முடியாமல் இருந்தால் அதிகாரி ஏற்கலாம். ஆனால் அது அவர் முடிவு.

ரிட்டர்ன் ஏறவே மறுத்தால்?

கம்பெனி ரிட்டர்னுக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அது காலாவதி ஆகியிருந்தாலோ, கையெழுத்திடும் இயக்குநரின் பான் எண்ணோடு பொருந்தாவிட்டாலோ ஏறாது. கம்பெனிகளுக்குப் பொதுவாக அக்டோபர் 31 கெடு. சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். செப்டம்பரிலேயே கையெழுத்தைச் சரிபாருங்கள்.

தனி ஆளாகக் கடை நடத்தி ரிட்டர்ன் போடும் உறுப்பினர்கள், அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதுவும் செல்லாது. 2022 ஆகஸ்டுக்கு முன் 120 நாள் இருந்தது, இப்போது இல்லை.

புதிய சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு. அதற்கு முந்தைய வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

நினைவில் வையுங்கள்

* பதிவு செய்யும் இமெயிலும் செல்போன் எண்ணும் கம்பெனியுடையதாக இருக்கட்டும்.
* கடவுச்சொல் குறைந்தது இரண்டு இயக்குநர்களுக்குத் தெரிய வேண்டும்.
* ரிட்டர்ன் அனுப்பிய பின் 'பிராசஸ்டு' என்று வரும் வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.
* சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

அந்தத் துணிப்பைக் கம்பெனி 14-வது நாள் பதில் அனுப்பியது. ரிட்டர்ன் ஏற்கப்பட்டது, நஷ்டமும் கணக்கில் நின்றது. இப்போது அவர்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: வாரம் ஒருத்தி இணையதளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம் ரிட்டர்னில் இருப்பது யாருடைய இமெயில்? கடைசியாக அதை யார், எப்போது திறந்து பார்த்தார்கள்?