நிறுவல் கையேடும் நன்னூல் நெறியும்

நுழையும்முன்

நூல் எவ்வாறு அமைய வேண்டும், எவ்வாறு அமையலாகாது என்பதைப் பாயிரத்திலேயே வகுத்துக் கூறியவர் பவணந்தி முனிவர். அவ்விலக்கணம் செய்யுளுக்கும் உரைக்கும் மட்டும் உரியதன்று. கணினியில் இயங்குதளம் ஒன்றை நிறுவுவதற்கு உதவும் கையேட்டிற்கும் அது பொருந்தும். அக்கையேட்டின் ஒரு சொல் பிழைத்தால் விளைவது என்ன என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

உதகையிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில் கட்டபெட்டைச் சுற்றியுள்ள சரிவுகளில் சிறு தேயிலை விவசாயிகள் பலர் வாழ்கின்றனர். பறித்த பசுந்தேயிலையை வாடவிடாமல் அன்றே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே எடைபோட்டுத் தரும் சீட்டுகளே அவர்களுக்கு வரவுக்கணக்கு. அப்பகுதி மாணவி ஒருத்தி, அரசு வழங்கிய மடிக்கணினியில் தன் தந்தையாரின் ஓராண்டுக் கணக்கை நாள்தோறும் பதிவுசெய்து வந்தாள். கணினி மந்தமாகிவிட்டதால், அதிலிருந்த இயங்குதளத்தின் புதிய பதிப்பை நிறுவ விரும்பினாள். அதற்கென நான் தமிழில் எழுதி மாணவர்க்கு அளித்திருந்த நான்கு பக்கக் குறிப்பைப் படித்து, அதில் கண்டவாறே ஒவ்வொன்றாகச் செய்தாள்.

அக்குறிப்பின் ஐந்தாம் படி, ‘வன்வட்டினை வடிவமைத்துத் தொடர்க’ என்றிருந்தது. கணினித் துறையில் அச்சொல்லுக்கு, வட்டில் உள்ளவற்றை நீக்கிப் புதிய கோப்பு முறைமைக்கு இடம் செய்தல் என்று பொருள். அவளோ, சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்துதல் என்று பொருள் கொண்டாள். தமிழறிந்த எவரும் அப்படித்தான் கொள்வர். ஓராண்டுக் கணக்கும் போயிற்று. மறுநாள் என்னிடம் வந்தவள் அழவில்லை. “சார், அழிஞ்சு போகும்னு அதுல எழுதலையே” என்று மட்டும் கேட்டாள். பிழை என்னுடையது. முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாகத் தமிழ் கற்பித்த எனக்கு, அன்றைக்குத்தான் குன்றக் கூறல் என்னும் குற்றத்தின் முழுப்பொருள் விளங்கியது.

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் மென்பொருள். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்த இயங்குதளத்தைப் பலரும் தத்தம் தேவைக்கேற்பத் தொகுத்து வழங்கினர். 1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. அதனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளின் வசதியோடு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியதே பாஸ் லினக்ஸ். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பின், ஒன்றை மாற்ற முயல்கையில் மற்றொன்றையும் இழக்க நேரலாம். கையேட்டின் தேவை அங்கே இருமடங்காகிறது.

திறந்த மூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். எனினும் நிரல் எழுதுவோர் பலராகவும், அதனைப் பிறர்க்கு விளங்க எழுதுவோர் சிலராகவும் இருப்பது இத்துறையின் நெடுநாள் குறை. எழுதுபவர் நூறு முறை நிறுவிப் பழகியவர். படிப்பவர் முதன்முறை நிறுவுபவர். தேயிலை பறிப்பதில் தேர்ந்தவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவரிடம் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. எந்தக் கொழுந்து முற்றியது, எதனை விட்டுவைக்க வேண்டும் என்று செடியருகே நின்று விரலால் தொட்டுக் காட்டுவர். கையேடு எழுதுபவர் படிப்பவர் அருகே நிற்க இயலாது. ஆகவே சுட்டுவிரலின் வேலையையும் சொல்லே செய்ய வேண்டும்.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் சிலவற்றை நிறுவல் கையேடுகளில் எளிதாகக் காணலாம். மலைப்பகுதிக்கு மிகவும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. டெபியனை நிறுவ உதவும் கோப்புகளுள் ஒன்று சில நூறு மெகாபைட் அளவுடையது. எஞ்சியவற்றை நிறுவும்போதே இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ளும். மற்றொன்று ஏறத்தாழ 4 ஜிகாபைட் அளவுடையது. அதனைக் கொண்டு இணையமின்றியே நிறுவலாம். ‘கோப்பினைப் பதிவிறக்குக’ என்று மட்டும் கையேடு கூறினால், மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் விட்டுவிட்டு வரும் ஊரில் இருப்பவர் எதனைத் தேர்ந்தெடுப்பார்? சிறியது நல்லது என்றெண்ணி முதலாவதை எடுத்துவிட்டுப் பாதி நிறுவலில் நின்றுவிடுவார். பதிவிறக்கம் இடையில் தடைப்பட்டால் கோப்பு பழுதாகவும் கூடும். அதனை அறியவே ஒவ்வொரு கோப்புடனும் சரிபார்ப்புத் தொகை என்னும் நீண்ட எழுத்துத்தொடர் வெளியிடப்படுகிறது. நம் கணினியில் கணக்கிட்டுப் பெறும் தொடரும் வெளியிடப்பட்ட தொடரும் ஓரெழுத்தும் பிறழாமல் ஒத்திருக்க வேண்டும். பல குறிப்புகள் இப்படியைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. என் குறிப்பும் அவ்வாறே கடந்திருந்தது.

முறையின் வைப்பு என்பது நூலின் பத்து அழகுகளுள் ஒன்று. எதனை முன் கூறுவது, எதனைப் பின் கூறுவது என்னும் தெளிவு அது. காப்புநகல் எடுக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, வட்டினை அழிக்கும் படிக்குப் பின்னால் அச்சாகியிருந்தால் அது எச்சரிக்கையன்று, இரங்கற்குறிப்பு! டெபியனின் நிறுவல் கையேடு இதனை ஒழுங்காகச் செய்கிறது. நிறுவத் தொடங்குமுன் செய்ய வேண்டியவற்றுக்கெனத் தனி இயல் ஒதுக்கி, காப்புநகல் பற்றி அதில் வற்புறுத்துகிறது. ஆனால் அக்கையேடு பெரிது. பொறுமையிழந்தவர் நேரே செய்முறைப் பகுதிக்குத் தாவிவிடுவர். தாவுவோரைக் குறைகூறிப் பயனில்லை; அவர்கள் தாவி விழும் இடத்திலும் எச்சரிக்கையை மீண்டும் வைக்க வேண்டும். இங்குக் கூறியது கூறல் குற்றமாகாது என்பது என் துணிபு. நிறுவல் நிரலே அப்படித்தான் செய்கிறது. வட்டுப் பகுதிகளை மாற்றி எழுதுமுன், ‘மாற்றங்களை எழுதலாமா?’ என்று வினவி நிற்கிறது. அவ்விடத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும் விடை ‘இல்லை’ என்பதே.

அடுத்தது மயங்க வைத்தல். தமிழில் எழுதும்போது இதில் தனிக்கவனம் தேவை. வன்வட்டைப் பகுதிகளாகக் கூறிடுவதைச் சிலர் ‘பகிர்வு’ என்பர். கோப்பினைப் பிறருக்கு அனுப்புவதையும் ‘பகிர்வு’ என்றே கைப்பேசியில் நாள்தோறும் படிக்கிறோம். ஒரு சொல் இருபொருள் தரும் இடத்தில், மாணவர் தமக்குப் பழகிய பொருளையே கொள்வர். கலைச்சொல் தூய தமிழாக இருப்பது நன்று. அது செயலின் விளைவை மறைக்காமல் இருப்பது அதனினும் நன்று. ‘வடிவமைத்தல்’ என எழுதுவதாயின், ‘இதனால் வட்டின் இப்பகுதியில் உள்ள கோப்புகள் அனைத்தும் அழியும்’ என்று அதே வரியில் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

கையேடு ஒருமுறை எழுதி முடிப்பதன்று. வன்பொருள் சிலவற்றை இயக்கத் தேவையான கட்டற்றதல்லாத மென்பொருள்களை டெபியன் நெடுங்காலம் தன் நிறுவல் கோப்பில் சேர்க்காதிருந்தது. வைஃபை இயங்காதபோது அவற்றைத் தனியே தேடிச் சேர்க்கும் முறையைப் பழைய குறிப்புகள் நீளமாக விளக்கும். 2022இல் அத்திட்டத்தின் உறுப்பினர்கள் வாக்களித்து இந்நிலையை மாற்றினர். 2023 ஜூன் திங்களில் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து அவை கோப்பிலேயே இடம்பெறுகின்றன. அன்று தேவையாயிருந்த விளக்கம் இன்று மிகைபடக் கூறல் ஆகிவிட்டது. 2025இல் வெளிவந்த 13ஆம் பதிப்பில் பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் நிரல் இல்லை. பள்ளி ஆய்வகங்களில் பழைய கணினிகளை வைத்துக்கொண்டிருப்போர்க்கு இச்செய்தியே முதற்பக்கத்தில் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

டெபியன் நிறுவல் நிரல் தமிழிலும் உரையாடும். இத்தகைய மொழிபெயர்ப்புகள் பி.ஓ. எனப்படும் கோப்புகளில் அமைகின்றன. அவற்றில் ஆங்கில மூலத்தொடரும் அதற்குரிய மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து இருக்கும். மூலத்தொடர் மாறினால், பழைய மொழிபெயர்ப்பு ஐயத்திற்குரியது எனக் குறியிடப்படும். ஒருவர் படித்துச் சரிபார்த்த பின்னரே அக்குறி நீக்கப்படும்.

இக்கையேடுகளில் பிழை கண்டவர் மென்பொருள் வல்லுநராக இருக்க வேண்டுவதில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயல், எந்தத் தொடர், அதனைப் படித்துத் தாம் செய்தது என்ன, நேர்ந்தது என்ன என்று தெளிவாக எழுதிப் பிழையறிக்கையாக அனுப்பலாம். ‘கையேடு புரியவில்லை’ என்னும் ஒற்றைத்தொடரால் திருத்துவோர்க்குப் பயனில்லை. மாற்றாக எழுத வேண்டிய தொடரையும் சேர்த்து அனுப்பினால் திருத்தம் விரைவில் நிகழும்.

என் குறிப்பைத் திருத்துகையில் நான் கையாண்ட முறை எளியது. அதுவரை எதையும் நிறுவிப் பழகாத மாணவர் மூவரிடம், உள்ளே எதுவும் இல்லாத பழைய கணினிகளைக் கொடுத்தேன். குறிப்பைத் தவிர வேறு துணையில்லை. நான் பின்னால் அமர்ந்து வாய்திறவாமல் பார்க்க வேண்டும் என்பது விதி. (ஆசிரியருக்கு இது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?) அவர்கள் எங்கே விரலை நிறுத்தித் தயங்கினர், எங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். முதல் நாளில் பதினொரு இடங்கள் தேறின. அவற்றுள் ஒன்றையேனும் நானாக முன்பு கண்டுபிடித்திருக்கவில்லை. பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க அழுத்த வேண்டிய விசை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும் என்பதைக்கூட நான் எழுதியிருக்கவில்லை.

கணக்கை இழந்த மாணவி, தகரப் பெட்டியில் கிடந்த எடைச்சீட்டுகளைக் கொண்டு அதனை மீண்டும் பதிவுசெய்தாள். நனைந்து எழுத்தழிந்த சீட்டுகளுக்குரிய நாள்கள் மட்டும் வெறுமையாகவே நின்றுவிட்டன. திருத்திய குறிப்பின் ஐந்தாம் படிக்கு மேலே கட்டமிட்டு அச்சிட்ட தொடர் அவள் எழுதித் தந்தது: ‘உங்கள் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் எடுத்துவைத்து, அதைத் திறந்தும் பார்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள்.’

கற்பவை கற்றபின்...

உங்கள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவும் முறையைப் பத்துத் தொடர்களுக்கு மிகாமல் எழுதுக. அதனை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பேசாமலிருந்து, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துக.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் இக்கட்டுரையில் இடம்பெறாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றின் பயன்பாட்டுக் கையேட்டில் அது அமைந்துள்ள இடத்தைச் சுட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.